நந்தவனம் முதல் நில வடிவமைப்பு வரை

தமிழில் தோட்டத்தைக் குறிக்கும் சொற்கள் பல. கா, பொழில், சோலை, தண்டலை, தோப்பு, நந்தவனம், பூங்கா என அடுக்கிக்கொண்டே போகலாம். இவை ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும் வழக்கில் ஒன்றல்ல. மாவோ தென்னையோ ஓரினமாக நிரை நிரையாக நிற்பது தோப்பு. வழிபாட்டிற்கு மலர் கொய்யவென்று வளர்ப்பது நந்தவனம். மரம் தானே செறிந்து நிழல் தருவது சோலை. ஊரார் உலவி இளைப்பாற அமைப்பது பூங்கா. பயன் வேறுபடுவதால் அமைப்பு வேறுபட்டது; அமைப்பு வேறுபட்டதால் பெயரும் வேறுபட்டது. நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று செடிகொடிகளின் பெயராலேயே பகுத்த மரபு நம்முடையது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்பட வைத்தார் என்பது தமிழ் மாணவர் அனைவரும் அறிந்ததே.

இத்துணைச் செழுமை வாய்ந்த மொழியைப் பேசும் வீட்டில், மேல்நிலைத் தேர்வு எழுதிய பிள்ளை, 'தோட்டக்கலை படிக்கப் போகிறேன்' என்று சொன்னால் எழும் முதற்கேள்வி, 'தோட்டக்காரன் வேலைக்கு ஒரு பட்டமா?' என்பதாகவே இருக்கின்றது. வேறு சில வீடுகளில் இதற்கு நேர்மாறான மயக்கம் உண்டு. அழகிய பூங்கா ஒன்றின் படத்தைக் கண்டு, அதனை வடிவமைக்கும் ஆசையால் பிள்ளையைத் தோட்டக்கலைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, அங்கே வெங்காயத்திற்கு உரமிடும் அளவைப் படிக்கிறானே என்று பெற்றோர் வருந்துகின்றனர். இரு கேள்விக்கும் காரணம் ஒன்றே. செடியை வளர்க்கும் கலையும் நிலத்தை வடிவமைக்கும் கலையும் உறவுடையன, ஆனால் ஒன்றல்ல. இரண்டிற்கும் வாயில் வேறு, படிப்பு வேறு, பணி வேறு. அவ்வேறுபாட்டை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செடியும் நிலமும்

தோட்டக்கலை என்பது பழம், காய்கறி, மலர், நறுமணப் பயிர், மலைத்தோட்டப் பயிர், மூலிகை ஆகியவற்றை வளர்த்துப் பெருக்கும் அறிவியல். விதை, பதியம், ஒட்டு, மண், உரம், பூச்சி, நோய், அறுவடை, சேமிப்பு என்பன அதன் பாடங்கள். மலர்ச்செடியும் புல்தரையும் அதில் ஒரு கிளை மட்டுமே. வேளாண் பல்கலைக்கழகத்தார் இக்கிளையை 'மலரியல் மற்றும் நில எழிலூட்டும் கலை' என்று வழங்குகின்றனர்.

'எழிலூட்டல்' என்னும் சொல்லில் எனக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு. கட்டடம் முடிந்தபின் மிஞ்சிய இடத்தில் பூந்தொட்டி வைப்பதே இத்தொழில் என்ற எண்ணத்தை அச்சொல் தந்துவிடுகின்றது. மழைநீர் எங்கே ஓடும், எங்கே நிற்கும், பிற்பகல் வெயில் எச்சுவரில் விழும், நடப்பவர் எவ்வழியே குறுக்கே போவர், இன்று நடும் மரம் இருபது ஆண்டுகளில் எவ்வளவு இடம் கொள்ளும் என்றெல்லாம் முன்கூட்டிக் கணித்து வரைபடமாக்குவதே நில வடிவமைப்பு. அழகு அதன் விளைவுகளுள் ஒன்று. ஆதலின் இக்கட்டுரையில் 'நில வடிவமைப்பு' என்ற சொல்லையே ஆளுகின்றேன்.

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் இதற்கு நல்ல சான்று. அதற்கான வடிவமைப்புப் போட்டியில் 1858இல் வென்றவர்கள் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் ஆகிய இருவர். பாறையும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தை அவர்கள் ஏரியும் புல்வெளியுமாக மாற்றினர். நகரின் குறுக்குச் சாலைகளைத் தாழ்த்தி அமைத்து, வண்டிகளின் ஓட்டம் உலவுவோர் கண்ணில் படாதபடி செய்தனர். இயற்கையென்று நாம் மயங்கும் அப்பூங்கா முழுவதும் கையால் செய்யப்பட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1900இல் இதனைத் தனிப்படிப்பாகத் தொடங்கியது.

இந்தியாவில் இக்கலை மேற்கிலிருந்து வந்த புதுச்சரக்கு அன்று. திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துப் பூமாலை தொடுத்த தொண்டரடிப்பொடியாழ்வாரை வைணவ மரபு போற்றுகின்றது. நாற்பகுதித் தோட்டம் எனப்படும் சார்பாக் அமைப்பைப் பாரசீகத்திலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் முகலாயர் கொணர்ந்தனர். 1619இல் ஜஹாங்கீர் காலத்தில் காசுமீரத்தில் உருவான ஷாலிமார் பாக் தோட்டத்தில் நீர் மலைச்சரிவின் வழியே படிப்படியாகத் தானே இறங்கி வரும். அங்கே கணக்கே அழகாயிற்று. பெங்களூரில் ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக்கைத் திப்பு சுல்தான் அயல்நாட்டுச் செடிகளைத் தருவித்து வளர்த்தார். உதகைத் தாவரவியல் பூங்காவை 1848 முதல் உருவாக்கியவர் வில்லியம் கிரகாம் மெக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநர்.

நம் காலத்தில் இவ்விரு மரபையும் இணைத்தவர் பேராசிரியர் முகம்மது ஷாஹீர். தில்லியிலுள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியில் நில வடிவமைப்புத் துறைக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தின் மீட்டுருவாக்கத்தில் அவர் பங்கு பெரிது. அதன் அருகே, புதுத்தில்லியை உருவாக்கியபோது ஆங்கிலேயர் செடிகளைச் சோதித்துப் பார்த்த பழைய நாற்றுப் பண்ணையாகிய சுந்தர் நர்சரியை, ஏறத்தாழ 90 ஏக்கர்ப் பூங்காவாக வடிவமைத்தவரும் அவரே. 2015இல் அவர் மறைந்தார். பூங்கா 2018இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தாம் வரைந்த மரத்தின் முழு நிழலைத் தாமே காண்பது இத்தொழிலில் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை.

கே.கே. நகர் மனையில் ஒரு கணக்கு

இத்தொழிலுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்போர்க்கு ஒரு சிறு கணக்கைக் காட்ட விரும்புகின்றேன். கே.கே. நகரில் ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2400 சதுர அடி, இருப்பதாகக் கொள்வோம். அதில் வீட்டின் மாடிப் பரப்பு 1000 சதுர அடி. அது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். திருச்சியில் ஓராண்டு மழையை 800 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்த மாடியில் விழும் நீர் ஏறத்தாழ 74,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக, ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வந்தாலும் 60,000 லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

வீட்டுக்காரர் முன்புறம் 500 சதுர அடியில் பச்சைப் பசேலென்று புல்தரை வேண்டும் என்கிறார். நம் வெயிலில் அதற்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் தேவை என்று கொண்டால், ஒரு நாளைக்கு 230 லிட்டர். ஓராண்டில் ஏறத்தாழ 85,000 லிட்டர். வீட்டின் மாடி முழுவதும் ஓராண்டில் பிடித்துத் தரும் நீரைக் காட்டிலும் அச்சிறு புல்தரை மிகுதியாகக் குடித்துவிடும்! மிச்சத்தை ஆழ்துளைக் கிணறுதான் தரவேண்டும். 2003 முதல் தமிழகத்தில் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் சேகரித்த நீரைத் தோட்டத்தின் வடிவம் எவ்வாறு விழுங்குகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கணக்கிட்டோம்? கணக்கறிந்த வடிவமைப்பாளர் புல்தரையை 100 சதுர அடியாகச் சுருக்கி, மேற்குப்புறம் ஒரு வேம்பையோ புங்கையோ வைப்பார். அதே நிழலில் வீடும் குளிரும்.

இடம் மாறினால் கணக்கும் மாறும். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே வண்டல் படிந்த திருவரங்கத் தீவும், ஆற்றை விட்டு விலகிய தென்புற மேட்டுநிலமும் ஒரே மாநகரின் பகுதிகளே. ஆயினும் ஒரே செடிப்பட்டியல் இரண்டிற்கும் பொருந்தாது. மணிகண்டம் வட்டாரத்தில் களர் நிலம் உண்டு. நாவலூர் குட்டப்பட்டிலுள்ள வேளாண் கல்லூரி, களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய். நெல் வகைகளை உருவாக்கியது இம்மண்ணை நேரிற் கண்டதால்தான். திருவரங்கத்தின் தலமரம் புன்னை. திருவானைக்காவின் தலமரம் வெண்ணாவல். இம்மண்ணில் எது நிற்கும் என்பதற்கு முன்னோர் விட்டுச்சென்ற குறிப்பாகவும் இவற்றைக் கொள்ளலாம். மேலூரில் ஏறத்தாழ 25 ஏக்கரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பார்க்கச் செல்லும் மாணவர், பூச்சியை மட்டும் பார்த்துத் திரும்பாமல், எச்செடியில் எது முட்டையிடுகிறது என்பதையும் குறித்து வரவேண்டும்.

பெயர் தவறினால்

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்று கேட்கும் அன்பர்க்கு, கொன்றையை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். சரக்கொன்றை நம் மண்ணின் மரம். அறிவியலார் அதனைக் காசியா பிஸ்டுலா என்பர். மஞ்சள் கொன்றை என்று வழங்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவரப்பட்டது. இரண்டும் மஞ்சட் பூவே பூக்கும். 'நாலு கொன்றைக் கன்று கொடுங்கள்' என்று நாற்றுப் பண்ணையில் கேட்பவருக்கு எது கிடைக்கும் என்பது அவரவர் நற்பேறு. பின்னது முதுமலைக் காட்டில் பரவிப் பிற செடிகளை நெருக்கியதால் தமிழக வனத்துறை அதனை வெட்டி அகற்றி வருகின்றது. வெட்டிய மரம் காகிதக் கூழுக்குப் போகின்றது. உன்னிச்செடியும் அழகுச் செடியாக வந்ததே. சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்காலை அடைக்கும் ஆகாயத்தாமரையின் ஊதாப் பூவை யாரோ ஒருவர் விரும்பித்தான் இந்நாட்டிற்குக் கொண்டுவந்தனர். வளைகுடா நாடுகளின் சாலையோரங்களில் பெருகிய கோனோகார்ப்பஸ் மரத்தை இங்கும் வேலியாக நட்டனர். குஜராத் அரசு 2023இல் அதனை நடுவதற்குத் தடை விதித்தது.

வரைபடத்தில் இலத்தீன் பெயர். பண்ணையில் வட்டார வழக்கு. நடுபவர் நாவில் வேறொரு பெயர். இம்மூன்றையும் அறிந்து ஒன்றோடொன்று பொருத்துபவர் இல்லாவிடில் வடிவமைப்பு தாளோடு நின்றுவிடும். இங்கே தமிழறிவு ஒரு தொழில்திறன்.

படிப்பின் இரு வாயில்கள்

தோட்டக்கலைக்குரிய நேர்வழி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு பி.எஸ்சி. தோட்டக்கலைப் பட்டம். கோயம்புத்தூரிலும் பெரியகுளத்திலும் அதற்குரிய கல்லூரிகள் உண்டு. பெண்களுக்கென்றே ஒரு தோட்டக்கலைக் கல்லூரி நம் மாவட்டத்தில், திண்டுக்கல் சாலையிலுள்ள நாவலூர் குட்டப்பட்டில் இயங்குகின்றது என்பதைப் பெற்றோர் பலர் அறியார். மகளை வெளியூர் விடுதியில் விடத் தயங்கும் குடும்பத்தினர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். சேர்க்கை மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் அடிப்படையிலேயே நடைபெறுகின்றது. மருத்துவத்திற்கு உள்ளதுபோல் நீட் தேர்வு இதற்கில்லை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் வழங்கப்பெறும் 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடும், அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய 7.5 விழுக்காடு முன்னுரிமையும் இங்குப் பொருந்தும். 2021-22இல் இப்பல்கலைக்கழகம் வேளாண்மையையும் தோட்டக்கலையையும் தமிழ்வழிப் பட்டப்படிப்பாகத் தொடங்கியது தமிழன்பர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பட்டத்திற்குப்பின் மலரியலிலும் நில எழிலூட்டும் கலையிலும் எம்.எஸ்சி. பயிலலாம். நான்காண்டு செலவிட இயலாதவர்க்கு ஈராண்டுத் தோட்டக்கலைப் பட்டயப் படிப்பு உண்டு. அதனை இழிவாகக் கருதுவது அறியாமை.

நில வடிவமைப்பின் வாயில் வேறு. முதலில் ஐந்தாண்டு பி.ஆர்க். எனும் கட்டடக்கலைப் பட்டம். அதன்பின் ஈராண்டு நில வடிவமைப்பு முதுநிலைப் பட்டம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியிலும், தில்லியில் மேலே கூறிய பள்ளியிலும், அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகத்திலும் முதுநிலைப் படிப்பு உண்டு. பி.ஆர்க். படிப்பு நம் துவாக்குடி தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலேயே உள்ளது, அதற்கு ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் கட்டடக்கலைத் தாளை எழுத வேண்டும். மாநிலத்தின் பிற கல்லூரிகளில் சேர நாட்டா தேர்வு உதவும்.

இங்கே பெற்றோர் மிகவும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பி.ஆர்க். சேர மேல்நிலையில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். தோட்டக்கலைப் பட்டத்திற்கோ உயிரியல் வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தை விட்டவர்க்கு வடிவமைப்பு வாயில் அடைபடுகின்றது. கணினிப் பிரிவுக்காக உயிரியலை விட்டவர்க்குத் தோட்டக்கலை வாயில் அடைபடுகின்றது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதற்பிரிவு இரண்டையும் திறந்து வைக்கும். ஆகவே முடிவு எடுக்க வேண்டிய காலம் பத்தாம் வகுப்பு முடியும் கோடை விடுமுறை. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தபின் என்னிடம் ஆலோசனை கேட்டு வருவோரில் பலர்க்கு நான் சொல்லக்கூடியது மிகச் சிறிதே.

சட்டத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1972ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டப்படி, பதிவு பெறாத எவரும் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைச் சூடிக்கொள்ளல் ஆகாது. ஆனால் அச்சட்டத்தின் 37ஆம் பிரிவு 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்' என்பார்க்கு விலக்கு அளித்துள்ளது. எனவே பெயர்ப்பலகையை மட்டும் நம்பி ஒருவரிடம் பணியையோ பிள்ளையின் பயிற்சியையோ ஒப்படைக்கலாகாது. சில வாரப் பயிற்சி பெற்றவரும் அதே பலகையை மாட்டிக்கொள்ள முடியும். அவர் எங்கே, எத்தனை ஆண்டு பயின்றார் என்று கேட்பதில் நாணம் வேண்டாம்.

கலை அறிவியல் கல்லூரியில் ஏற்கெனவே பயிலும் மாணவர்க்கு என்ன வழி? தாவரவியல் பட்டத்தைக் கொண்டு தோட்டக்கலை முதுநிலையில் நுழைவது எளிதன்று. அதற்குப் பொதுவாக நான்காண்டு வேளாண் தோட்டக்கலைப் பட்டமே கேட்கப்படும். ஆயினும் வேளாண் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி, தொலைதூரக் கல்வி இயக்ககம் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகின்றது. சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. சொந்தமாக நாற்றுப் பண்ணை வைக்க எண்ணுவோர்க்கு இவை போதுமான தொடக்கம். தாயனூர் அருகே 1993இல் நிறுவப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தாவரவியல், நுண்ணுயிரியல் மாணவர் ஒருமுறையேனும் சென்று காணவேண்டிய இடம்.

பணிகள்

அரசுப் பணியில் தோட்டக்கலை அலுவலர் பதவிக்குப் பட்டமும், உதவித் தோட்டக்கலை அலுவலர் பதவிக்குப் பட்டயமும் தகுதி. தேர்வாணையம் தேர்வு நடத்துகின்றது. இத்தேர்வுகளில் 2021இல் வந்த ஆணைப்படி தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு பெறாதவரின் பிற தாள்கள் மதிப்பிடப்படா. ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழைப் புறந்தள்ளிய அறிவியல் மாணவர் இதனை மறத்தலாகாது. மத்தியப் பொதுப்பணித் துறையில் தோட்டக்கலைப் பிரிவு ஒன்று உண்டு. பொதுத்துறை வங்கிகள் வேளாண் கள அலுவலர் பணிக்கு நான்காண்டுத் தோட்டக்கலைப் பட்டத்தையும் ஏற்கின்றன. 2015இல் வகுக்கப்பெற்ற பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை சாலையோர மரநடவை ஒரு தனித் தொழிலாக ஆக்கியுள்ளது. தனியார் துறையில் விடுதிகள், மருத்துவமனைகள், தொழிற்பூங்காக்கள் எல்லாவற்றிற்கும் தோட்டப் பராமரிப்பு வேண்டும். ஆனால் அங்கே தொடக்க ஊதியம் பெரும்பாலும் குறைவே என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். நான்கைந்து ஆண்டுப் பட்டறிவுக்குப் பின்னரே நிலை உயரும்.

கடல் கடந்த வாய்ப்பைப் பற்றியும் நம் சமுதாயத்தார் அறியவேண்டும். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தையார் வளைகுடா நகரமொன்றில் இருபதாண்டுகளுக்கு மேல் சாலையோரத் தோட்டங்களில் உழைத்தவர். சொட்டு நீர்க்குழாயின் அடைப்பைக் காலடி ஈரத்தை வைத்தே கண்டுபிடிப்பார். மண்ணில் உப்பு ஏறுவதை இலையின் ஓரம் கருகுவதிலேயே அறிவார். எக்கன்று பிழைக்கும் என்று மேற்பார்வையாளர் அவரைத்தான் கேட்பாராம். கேட்டு எழுதிய தாளில் கையொப்பமிடுபவர் மேற்பார்வையாளர். விசாவில் இவர் பெயருக்கு எதிரே 'உதவியாளர்' என்றே கடைசிவரை இருந்தது. ஒரே தோட்டத்தில் வரைந்தவர், மேற்பார்த்தவர், நட்டவர் என மூன்று ஊதியங்கள். அவரிடம் இல்லாதிருந்தது அறிவு அன்று, அறிவுக்குச் சான்று.

அம்மாணவர் எங்களிடம் இளங்கலை முடித்தபின் தோட்டப் பராமரிப்பில் சான்றிதழ் பெற்று, கே.கே. நகரிலும் சுந்தர் நகரிலும் சில வீட்டுத் தோட்டங்களைப் பொறுப்பேற்றிருக்கின்றார். தந்தையார் ஊர் திரும்பி அவரோடு செல்கின்றார். தம்பியை முதற்பிரிவில் சேர்த்திருப்பதாக அண்மையில் சொன்னார்.

நம் கல்லூரியிலேயே ஒரு பணி காத்திருக்கின்றது. வளாகத்தில் உள்ள மரங்களுக்கு இன்னும் பெயர்ப்பட்டியல் இல்லை. தாவரவியல் துறை மாணவர் இலத்தீன் பெயரையும், தமிழ்த்துறை மாணவர் இலக்கியப் பெயரையும் வட்டார வழக்கையும், பூக்கும் மாதத்தையும் குறித்து ஓராண்டில் ஒரு குறிப்பேடு ஆக்கலாம். நாற்றுப் பண்ணையிலோ வடிவமைப்பு அலுவலகத்திலோ வேலை கேட்டுச் செல்லும் மாணவர் கையில் அக்குறிப்பேடு இருந்தால், நேர்முகத்தில் எதைப் பற்றிப் பேசுவது என்று தேடவேண்டியிராது. விரும்புவோர் வரும் பருவத்தின் முதல் வாரத்தில் துறை அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.